இருபது முதல் நாற்பது வரை: உடலும் மூளையும் உறவும் ஒரே நாளில் முதிர்வதில்லை

எலும்பு நீள இடம் தரும் குருத்தெலும்புப் பகுதியே வளர்ச்சித் தட்டு; மனித எலும்புக்கூட்டில் கடைசியாக மூடும் வளர்ச்சித் தட்டு காரை எலும்பின் மார்புப் பக்க முனையில் இருக்கிறது. தொடை எலும்பும் கை எலும்புகளும் பதின்பருவம் முடிவதற்குள் நீள்வதை நிறுத்திவிடும். காரை எலும்பின் இந்த முனை மட்டும் பலருக்கு இருபதுகளின் நடுப்பகுதி வரையிலும், சிலருக்கு இருபதுகளின் கடைசி வரையிலும் முழுதாக ஒட்டியிருக்காது. பிறந்த தேதிக்குச் சான்று இல்லாதவரின் வயதைக் கணிக்கத் தடயவியல் மருத்துவர்கள் இந்த இடத்தைப் படம்பிடித்துப் பார்ப்பது அதனால்தான். அந்த முனை ஒட்டி முடிவதற்குள்ளேயே காது மிக உயர்ந்த அதிர்வெண் ஒலிகளைத் தவறவிடத் தொடங்கிவிடும். மூளையின் வெண்பொருள், அதாவது நரம்பு இழைகள் நிறைந்த பகுதி, அப்போதும் பெருகிக்கொண்டிருக்கும். தொலைபேசியில் பேசும் ஆட்களின் எண்ணிக்கை உச்சத்துக்குப் போய்விட்டுக் குறையத் தொடங்கியிருக்கும்.

இருபதில் ஏறி, முப்பதில் உச்சி தொட்டு, பிறகு இறங்கும் ஒரே பாதை என்று இந்தப் பருவத்தை நினைப்பது பழக்கமாகிவிட்டது. தசை, எலும்பு, நினைவாற்றல், சொல்வளம், குணம், நட்பு என ஒவ்வொன்றும் தனித்தனி நாள்காட்டியில்தான் ஓடுகிறது. இவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒன்றைச் சொல்லலாம் என்றால், அது கையிருப்பு. அன்றாடத் தேவையைவிடப் பல மடங்கு திறன் இந்த வயதில் உடலிடமும் மூளையிடமும் இருக்கிறது. கெடுதல் நடந்தாலும் அது வெளியே தெரியாமல் போவதற்குக் காரணம் இந்த உபரிதான். நாற்பத்தைந்தில் வெளிப்படும் பல கோளாறுகள் இருபத்தைந்தில் தொடங்கியவை.

எலும்பில் சேர்வது

வாழ்நாளில் எலும்பில் சேரும் கனிமத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் பெண்களுக்கு 18 வயதுக்குள்ளும் ஆண்களுக்கு 20 வயதுக்குள்ளும் சேர்ந்துவிடுகிறது. மிச்சம் இருபதுகளின் கடைசி வரை மெல்லச் சேரும். இதை உச்ச எலும்பு நிறை என்கிறார்கள். பிறகு கொஞ்ச காலம் அது சமநிலையில் நிற்கும், அதன்பின் குறையும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு வரும் சில ஆண்டுகளில் அந்தக் குறைவு வேகமெடுக்கும். உச்ச நிறை 10 சதவீதம் கூடுதலாக இருந்தால், எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோய் ஏறத்தாழ 13 ஆண்டுகள் தள்ளிப்போகும் என்று 2003இல் வெளியான ஒரு கணிப்பு மாதிரி காட்டியது.

எலும்பு தன்மீது விழும் சுமைக்கு ஏற்பத் தன்னைக் கட்டிக்கொள்கிறது. சீரான, மெல்லிய அசைவைவிட எப்போதாவது வரும் வலுவான தாக்கமே அதைத் தூண்டும். நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு நல்லவை, எலும்புக்கு அதிகம் செய்வதில்லை. குதித்தல், ஓடுதல், படியேறுதல், பளு தூக்குதல் ஆகியவையே எலும்புக்கு உதவும். கால்சியத் தேவை 19 முதல் 50 வயது வரை நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம். ஒரு கோப்பைப் பாலில் சுமார் 300 மில்லிகிராம் கிடைக்கிறது என்பதை வைத்து மீதியை எண்ணிப் பார்க்கலாம். வைட்டமின் டி 600 யூனிட் வேண்டும்.

எடை குறைப்பதற்காகக் கடுமையாகப் பட்டினி கிடப்பவர்களும், சாப்பிடுவதைவிட அதிகம் செலவழிக்கும் அளவுக்குப் பயிற்சி செய்பவர்களும் எலும்பையும் இழக்கிறார்கள். ஆற்றல் பற்றாக்குறை நீடித்தால் பெண்ணுடலில் ஈஸ்ட்ரோஜன் சரியும், மாதவிடாய் நிற்கும். தொடர்ந்து 3 மாதம் வராவிட்டால் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்த கையோடு மருத்துவரைப் பார்க்க வேண்டும். 'பயிற்சி செய்தால் அப்படித்தான்' என்று விட்டுவிடுவது வழக்கம், அந்த மாதங்களில் இழக்கும் எலும்பு முழுதாகத் திரும்பும் என்ற உறுதி கிடையாது. ஆண்களுக்கு இப்படி ஓர் எச்சரிக்கை மணிகூட இல்லை. திரும்பத் திரும்ப வரும் எலும்பு விரிசலும், பாலுறவில் ஆர்வக் குறைவும், விடாத களைப்பும்தான் அவர்களுக்கு அடையாளம்.

தசையும் எடையும்

தசை வலிமை இருபதுகளின் நடுவிலிருந்து முப்பதுகளின் தொடக்கம் வரை உச்சத்தில் இருக்கும். முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதத் தசை குறையும் என்பது அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் எண். உடற்பயிற்சி செய்யாதவர்களே அதிகமுள்ள கூட்டத்தின் சராசரி அது என்ற விவரம் கூடவே வருவதில்லை. உடல் எடுத்துக்கொள்ளக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் அளவும் அப்படித்தான். உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்கு அது பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இறங்கும், தொடர்ந்து பயிற்சி செய்பவர்களுக்கு ஏறக்குறைய பாதிதான். முப்பத்தைந்து வயதில் மூச்சு வாங்குகிறது என்றால் அதில் வயதின் பங்கைவிட நாற்காலியின் பங்கு பெரிது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவின்படி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு தேவை. அதோடு வாரம் 2 நாளாவது தசைப் பயிற்சி செய்ய வேண்டும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதம். நாலைந்து சொல்லுக்கு மேல் பேச முடியவில்லை என்றால் கடுமை. தசைப் பயிற்சியில் 8 முதல் 12 தடவை தூக்கினால் களைத்துவிடும் எடையில் தொடங்க வேண்டும். குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஒன்றிரண்டு தடவை எளிதாகத் தூக்க முடிகிறபோது எடையை 2 முதல் 10 சதவீதம் கூட்டலாம். பலரும் கூட்டும் இடத்தில்தான் தவறுகிறார்கள். ஒரே எடையை ஆறு மாதம் தூக்கினால் முதல் இரண்டு மாதத்துப் பலனோடு உடல் நின்றுவிடும்.

'முப்பது தாண்டினால் வளர்சிதை மாற்றம் மந்தமாகிவிடும்' என்ற நம்பிக்கையை 2021இல் வந்த ஒரு பெரிய ஆய்வு ஆட்டிவைத்தது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்களிடம், பிறந்து 8 நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை, ஆற்றல் செலவை அளந்து பார்த்தார்கள். உடல் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்த பிறகு, 20 வயதிலிருந்து 60 வயது வரை அந்தச் செலவு அநேகமாக மாறவே இல்லை. அப்படியென்றால் முப்பதுகளில் எடை ஏறுவது ஏன்? நடை குறைந்திருக்கும், தூக்கம் கெட்டிருக்கும், தட்டில் அளவு மட்டும் பழையபடி இருந்திருக்கும். தினமும் 100 கலோரி மிகையாகச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் எடை முடிவின்றி ஏறாது. உடல் பெருக்கப் பெருக்க அதன் செலவும் கூடுவதால் சுமார் 4 கிலோ ஏறி நின்றுவிடும். அதில் பாதி முதல் ஆண்டிலும், மீதியில் பெரும்பகுதி மூன்று ஆண்டுகளுக்குள்ளும் ஏறிவிடும். அவ்வளவு மெதுவாக ஏறுவதால்தான் அது கண்ணில் படுவதில்லை. ஆண்டுக்கொருமுறை இடுப்பளவை எடுத்துக் குறித்துவைப்பது எடை இயந்திரத்தைவிட நன்றாக உதவும்.

சத்தமில்லாமல் நடப்பவை

1953இல் வெளியான ஒரு பிரேதப் பரிசோதனை அறிக்கை மருத்துவ உலகை உலுக்கியது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை ஆராய்ந்தார்கள். சராசரி வயது 22. அவர்களில் 77 சதவீதம் பேரின் இதயத் தமனிகளில் வெறும் கண்ணால் பார்க்கும் அளவுக்கு மாற்றம் இருந்தது. போர்க்களத்துக்குத் தேறியவர்கள், எந்த அறிகுறியும் இல்லாதவர்கள். மாரடைப்பு ஐம்பதில் வரும் நோயாக இருக்கலாம், தமனிச் சுவரில் கொழுப்புப் படிவது இருபதுகளிலேயே நடக்கிறது.

எனவே இரத்த அழுத்தத்தை 18 வயதிலிருந்தே பார்க்கத் தொடங்க வேண்டும். 40க்குள் இருந்து, அளவு சரியாகவும் வேறு ஆபத்துக் காரணம் இல்லாமலும் இருந்தால் 3 முதல் 5 ஆண்டுக்கொருமுறை போதும். அளக்கும் முறையில் பிழை அதிகம். அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, புகை, உடற்பயிற்சி கூடாது. முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை இதய மட்டத்தில் தாங்கியபடி இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். வந்த வேகத்தில் கையை நீட்டி எடுத்த ஒற்றை எண்ணை நம்பிப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

புகைப்பிடிப்பவர்களுக்கு இந்தப் பருவம் ஒரு சலுகை தருகிறது. 40 வயதுக்குள் நிறுத்திவிட்டால், தொடர்ந்து புகைத்திருந்தால் வரக்கூடிய கூடுதல் இறப்பு அபாயத்தில் சுமார் 90 சதவீதம் தவிர்ந்துவிடுகிறது. அதற்குமேல் ஒவ்வொரு பத்தாண்டுத் தாமதத்துக்கும் அந்தச் சலுகை சுருங்கும்.

கண்ணிலும் காதிலும் நடப்பது சிறிய விஷயம். கண்ணின் வில்லை குழந்தைப் பருவத்திலிருந்தே இறுகிக்கொண்டு வருகிறது, வெள்ளெழுத்தாக அது தெரியவருவது நாற்பதுகளில்தான். காதுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது பாதுகாப்பான மேல்வரம்பு. இயர்போனின் ஒலி அளவு அதைத் தாண்டினால் கேட்கும் நேரத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கருத்தரிப்பின் கணக்கு

பெண் குழந்தை பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் சினைமுட்டைகள் இருக்கும். பூப்பெய்தும்போது 3 முதல் 5 லட்சம், 37 வயதில் சுமார் 25,000. வாழ்நாளில் வெளிவருவது ஏறத்தாழ 400 மட்டுமே, மற்றவை தாமாகவே அழிந்துவிடும். எண்ணிக்கையைவிட முக்கியமானது முட்டையின் தரம். வயது கூடக் கூடக் குரோமோசோம் பிரிவதில் பிழை பெருகுகிறது, கருச்சிதைவும் அதனால் கூடுகிறது. சரிவு 35ஆம் பிறந்தநாளில் திடீரென்று வருவதில்லை. முப்பதுகளின் தொடக்கத்தில் மெதுவாகத் தொடங்கி 37 வாக்கில் வேகமெடுக்கிறது.

சினைப்பை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். இரத்தப் பரிசோதனையை இருபதுகளில் உள்ளவர்களுக்கே சிலர் பரிந்துரைக்கிறார்கள். செயற்கைக் கருத்தரிப்பில் எத்தனை முட்டை எடுக்கலாம் என்று ஊகிக்க அது உதவும். இயற்கையாகக் கருத்தரிப்போமா என்பதை அது சொல்லாது. 30 முதல் 44 வயதுப் பெண்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், அந்த அளவு குறைவாக இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே கருத்தரித்தார்கள். 35க்குள் இருப்பவர்கள் 12 மாதம் முயன்றும், 35 தாண்டியவர்கள் 6 மாதம் முயன்றும் பலனில்லை என்றால் பரிசோதனைக்குப் போக வேண்டும், 40 தாண்டியவர்கள் காத்திருக்கவே கூடாது. அதில் ஆணையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதியில் ஆண் தரப்புக் காரணமும் கலந்திருக்கிறது. விந்தணு உருவாகி வெளிவர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். கடும் காய்ச்சலின் பாதிப்பு காய்ச்சல் வந்த வாரத்தில் தெரியாது, இரண்டு மூன்று மாதம் கழித்து எடுக்கும் பரிசோதனையில்தான் தெரியும். அந்த ஒரு முடிவை வைத்துத் தீர்மானிக்காமல் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

தூக்கம்

பதின்பருவத்தில் உடல் கடிகாரம் ஆண்டுக்காண்டு தாமதமாகிக்கொண்டே போகும். பெண்களுக்கு 19 அல்லது 20 வயதிலும், ஆண்களுக்கு 21 வாக்கிலும் அது உச்சத் தாமதத்தைத் தொட்டு, பிறகு மெல்ல முன்னே வரத் தொடங்கும். இந்தத் திருப்பத்தையே பதின்பருவம் முடிந்ததற்கான உயிரியல் அடையாளமாகக் கொள்ளலாம் என்று 2004இல் ஒரு ஆய்வுக் குழு முன்மொழிந்தது. இருபது வயதுக்காரர் இரவு ஒரு மணிக்குப் படுப்பதில் சோம்பலின் பங்கு எவ்வளவோ அவ்வளவு உடற்கூறின் பங்கும் உண்டு.

தேவை 7 முதல் 9 மணி நேரம். 21 முதல் 38 வயதுக்குட்பட்டவர்களை இரண்டு வாரம் தினமும் 6 மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்கவைத்து 2003இல் ஒரு சோதனை நடந்தது. கவனமும் நினைவும் நாளுக்கு நாள் இறங்கி, கடைசியில் ஒன்றிரண்டு இரவு கண்விழித்தவர்களின் நிலைக்கு வந்தன. ஆபத்தான பகுதி வேறு. தூக்கக் கலக்கம் பெரிதாக இல்லை என்றே அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'எனக்கு ஆறு மணி நேரம் பழகிவிட்டது' என்பவர்களின் சாட்சியத்தை இதை மனதில் வைத்துக் கேட்க வேண்டும். கடிகாரத்தை முன்னே கொண்டுவர இரவில் சீக்கிரம் படுப்பதைவிடக் காலையில் ஒரே நேரத்தில் எழுந்து வெயிலில் நிற்பது பலன் தரும். காபியில் உள்ள கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும், மாலைக் காபி நள்ளிரவிலும் வேலை செய்யும்.

'25 வயதில் மூளை முழுமை அடையும்'

இந்த வாசகம் எங்கும் பரவிவிட்டது, ஆனால் 25 என்ற எண்ணுக்கு உறுதியான அடிப்படை இல்லை. மூளை வளர்ச்சியைத் தொடர்ந்து படம்பிடித்து 1999இல் வெளியான முன்னோடி ஆய்வில் பங்கேற்றவர்கள் சுமார் 4 முதல் 21 வயதுக்குள் இருந்தவர்கள். ஆய்வு முடிந்த வயதிலும், நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்நுதற் பகுதியில் மாற்றம் நடந்துகொண்டிருந்தது. எப்போது நிற்கும் என்ற கேள்விக்கு இருபதுகளின் நடுப்பகுதி என்று பொதுவாகச் சொல்லப்பட்டு, அது மெல்ல 25 என்ற ஒற்றை எண்ணாக இறுகிவிட்டது.

2022இல் 1,20,000க்கும் மேற்பட்ட ஸ்கேன்களைத் தொகுத்து மூளைக்கான வளர்ச்சி வரைபடம் ஒன்று வந்தது. நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல் பொருளின் கன அளவு 6 வயதுக்குச் சற்று முன்பே உச்சத்துக்குப் போய்விடுகிறது, வெண்பொருள் 29 வயதை நெருங்கும்போதுதான் உச்சம் தொடுகிறது. சாம்பல் பொருள் குறைவதை இழப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பயன்படாத நரம்பிணைப்புகள் கத்தரிக்கப்படுகின்றன, எஞ்சிய நரம்பு இழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை தடிக்கிறது, செய்தி வேகமாகப் போகிறது. முன்நுதற் புறணியில் இந்தக் கத்தரிப்பு மூன்றாம் பத்தாண்டிலும் தொடர்வது திசு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஒரு நாளில் மூடும் கதவு எதுவும் அங்கே இல்லை.

நடைமுறைக்கு உதவும் பிரிவு வேறு. பதற்றமில்லாமல், நேரம் எடுத்து, தனியாக யோசிக்கும் திறன் 16 வயதிலேயே பெரியவர்களின் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. ஆத்திரம், ஆசை, கூட்டாளிகளின் பார்வை ஆகியவற்றுக்கு நடுவே தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் 18 தாண்டியும், இருபதுகளுக்குள்ளும் வளர்கிறது. 11 நாடுகளில் 10 முதல் 30 வயதுக்குட்பட்ட 5,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வு இந்த இடைவெளியை நாடு கடந்து காட்டியது. 2005இல் வெளியான இன்னொரு சோதனையில் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைத் தனியாகவும் நண்பர்கள் பார்க்கவும் ஆடவைத்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது ஆபத்தான முடிவுகள் கூடின. பதின்வயதினரிடமும் 18 முதல் 22 வயதினரிடமும் அது நன்றாகத் தெரிந்தது, 24க்கு மேற்பட்டவர்களிடம் அவ்வளவாக இல்லை. இருபது வயதுக்காரரின் பெரிய முடிவுகளைத் தள்ளிப்போடச் சொல்வதைவிட, அவற்றைக் கூட்டத்திலும் இரவிலும் கோபத்திலும் எடுக்காமல் பார்த்துக்கொள்வது பயன் தரும்.

எது எப்போது கூர்மை

ஏறத்தாழ 50,000 பேர் இணையவழி எழுதிய சோதனைகளையும் பழைய நுண்ணறிவுத் தேர்வுத் தரவுகளையும் சேர்த்து 2015இல் இருவர் அலசினார்கள். தகவலைக் கையாளும் வேகம் 18, 19 வயதில் உச்சம். குறுகியகால நினைவு 25 வாக்கில். பிறர் கண்களைப் பார்த்து உணர்ச்சியை அறிவது நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும். சொல்வளம் அறுபதுகளில்கூட ஏறிக்கொண்டிருந்தது. 'மூளை எப்போது உச்சத்தில் இருக்கும்' என்று ஒருமையில் கேட்டால் பதில் கிடையாது.

சிந்தனையின் வடிவமும் மாறுகிறது. ஹார்வர்டில் மாணவர்களை ஆண்டுதோறும் நேர்காணல் செய்து வில்லியம் பெரி என்ற கல்வி உளவியலாளர் 1970இல் வெளியிட்ட வரிசை இன்றும் வகுப்பறைகளில் கண்ணால் பார்க்கக் கிடைக்கிறது. முதலில் சரி, தவறு என்ற இரண்டே பெட்டிகள், ஆசிரியருக்குச் சரியான விடை தெரியும். அடுத்து அறிஞர்களே முரண்படுவதைக் கண்டதும் 'அவரவர் கருத்து அவரவருக்கு' என்ற இடம். பிறகு எல்லாக் கருத்துக்கும் ஒரே எடை இல்லை, ஆதாரத்தைப் பொறுத்தது என்று புரியும். கடைசியில், முழு உறுதி கிடைக்காது என்று தெரிந்தே ஒரு நிலைப்பாட்டை ஏற்று அதற்குப் பொறுப்பேற்பது. இரண்டாவது இடத்தில் தங்கிவிடுபவர்கள் ஏராளம். பார்க்க முதிர்ச்சி போலவே இருக்கும், வேலை செய்யத் தேவையில்லை என்பது அதன் வசதி.

ஆய்வில் பயன்பட்ட ஒரு சிறு புதிர் இந்த மாற்றத்தை நன்றாகக் காட்டும். 'இன்னொரு தடவை குடித்துவிட்டு வந்தால் வீட்டைவிட்டுப் போய்விடுவேன்' என்கிறாள் மனைவி. கணவன் குடித்துவிட்டு வருகிறான். அவள் போவாளா? பதின்வயதினர் தர்க்கப்படி 'போவாள்' என்று உடனே முடித்துவிடுகிறார்கள். வயது ஏறியவர்களில் பலர் அவள் சொன்னது மிரட்டலா, கெஞ்சலா, குழந்தைகள் உண்டா, போக இடம் உண்டா என்று கேட்கத் தொடங்குகிறார்கள். தர்க்கம் குறைந்ததால் அல்ல, வாக்கியத்தில் இல்லாத நிலைமையையும் கணக்கில் சேர்ப்பதால்.

தொழில் அனுபவம் தானாகவே நிபுணத்துவம் ஆவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். உள்ளுணர்வு நம்பத்தக்கதாக வளர இரண்டு நிபந்தனைகள் உண்டு. சூழல் ஓர் ஒழுங்கோடு இயங்க வேண்டும், செய்ததன் விளைவு விரைவாகத் தெரிய வேண்டும். மயக்க மருந்து நிபுணருக்கு இரண்டும் கிடைக்கின்றன. ஐந்தாண்டு கழித்து விளைவு தெரியும் வேலையில் இருப்பவருக்கு ஆண்டுகள் கூடும், தன்னம்பிக்கை கூடும், துல்லியம் கூடாது. அவர் தன் கணிப்புகளைத் தேதியிட்டு எழுதிவைத்து, பிறகு திரும்பிப் பார்த்தால்தான் அந்தக் குறை தீரும்.

மனநோய் முகம் காட்டும் வயது

வாழ்நாளில் மனநோய் வரக்கூடியவர்களில் பாதிப் பேருக்கு 14 வயதுக்குள்ளும் முக்கால்வாசிப் பேருக்கு 24 வயதுக்குள்ளும் அது தொடங்கிவிடுகிறது என்று 2005இல் வெளியான பெரிய அமெரிக்கக் கணக்கெடுப்பு காட்டியது. மனச்சிதைவு ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்பருவ முடிவிலிருந்து இருபதுகளின் நடுவுக்குள்ளும், பெண்களுக்குச் சில ஆண்டுகள் தள்ளியும் தொடங்கும். புது ஊர், புது வேலை, முதல் பிரிவு எல்லாம் இதே வயதில் வருவதால் அறிகுறியை 'வயசுக் கோளாறு' என்று தள்ளிவிடுவது சுலபம்.

தள்ளக் கூடாதவை சில. இரண்டு வாரம் அநேகமாக நாள் முழுதும் நீடிக்கும் சோர்வு, அல்லது எதிலும் நாட்டமின்மை. தூக்கமே தேவைப்படாமல் நாலைந்து நாள் மிகை உற்சாகத்தோடு, வழக்கத்துக்கு மாறாகப் பணத்தை இறைத்து, பேச்சு நிற்காமல் இருப்பது. முன்பு நன்றாக இருந்தவர் மாதக்கணக்கில் ஒதுங்கி, படிப்பும் குளிப்பும் கைவிட்டு, பிறர் தன்னைக் கவனிக்கிறார்கள் என்று சந்தேகப்படுவது. சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் காத்திருக்காமல் அன்றே உதவி தேட வேண்டும். மனச்சிதைவில் முதல் அறிகுறிக்கும் சிகிச்சைக்கும் உள்ள இடைவெளி குறையக் குறைய விளைவு மேம்படுகிறது.

குணம், நட்பு, துணை

முதிர்ந்துவிட்டோம் என்று எதை வைத்துத் தீர்மானிக்கிறீர்கள் என்று இளைஞர்களைக் கேட்டால் திருமணமும் பட்டமும் பட்டியலில் கீழே போய்விடுகின்றன. தனக்குத் தானே பொறுப்பேற்பது, தானே முடிவெடுப்பது, பணத்துக்குப் பிறரைச் சாராதிருப்பது ஆகியவற்றையே மேலே வைக்கிறார்கள். இந்த விடைகளின் மீதுதான் உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000இல் 18 முதல் 25 வரையிலான வயதைத் தனிப் பருவமாக வகுத்தார். படிப்பை நிறுத்திவிட்டு 18 வயதில் வேலைக்குப் போனவர்களுக்கு அந்தப் பருவம் வாய்ப்பதே இல்லை என்ற எதிர்ப்பும் உடனே எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. 62 நாடுகளின் தரவைப் பார்த்த 2013ஆம் ஆண்டு ஆய்வில், வேலைப் பொறுப்பு சீக்கிரம் தோளில் ஏறும் சமூகங்களில் குண முதிர்ச்சியும் சீக்கிரம் வந்தது. வயது தன்பாட்டில் முதிர்ச்சி தருவதைவிட, ஏற்ற பொறுப்பு அதிகம் தருகிறது போலும்.

வாழ்நாளில் குணம் மிக அதிகம் மாறுவது பதின்பருவத்தில் அல்ல, 20 முதல் 40 வரையில். நீண்டகால ஆய்வுக் குழுக்கள் 92ஐத் தொகுத்த 2006ஆம் ஆண்டு அலசலில் பொறுப்புணர்வு, உணர்ச்சி நிலைத்தன்மை, சபையில் தயங்காமை ஆகியவை இந்த ஆண்டுகளில் ஏறின. வேண்டும் என்று முயன்றும் மாற்றலாம். 15 வார ஆய்வொன்றில் மாணவர்கள் வாரம் சில சிறு செயல்களை ஏற்றுக்கொண்டார்கள். செய்து முடித்தவர்களின் குணம் அந்தத் திசையில் நகர்ந்தது. ஏற்றுக்கொண்டு செய்யாமல் விட்டவர்களுக்கு எந்த முன்னேற்றமும் இல்லை. 'இனி ஒழுங்காக இருப்பேன்' என்பதற்குப் பதில் 'இரவு சாப்பிட்டதும் நாளைய மூன்று வேலைகளை எழுதுவேன்' என்ற அளவில் செயல் இருக்க வேண்டும்.

நட்புக்கு நேரம்தான் மூலப்பொருள். ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் கணித்தபடி அறிமுகம் சாதாரண நட்பாகச் சுமார் 50 மணி நேரமும், நட்பு என்று சொல்லும் அளவுக்கு 90 மணி நேரமும், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகும். ஒரே அலுவலகத்தில் உட்கார்ந்த மணிகள் அவ்வளவாகக் கணக்கில் வருவதில்லை, வேலையில்லாமல் சேர்ந்து கழித்த மணிகளே வருகின்றன. விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு 200 மணி நேரம் ஒன்றிரண்டு மாதத்தில் கூடிவிடும். வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கும் முப்பது வயதுக்காரருக்கு இரண்டு ஆண்டு. முப்பதுகளில் புது நண்பர் கிடைப்பதில்லை என்ற புலம்பலுக்கு இந்த எண்களே பாதி விளக்கம். கைபேசி அழைப்புத் தரவுகளில் தொடர்பு எண்ணிக்கை 25 வாக்கில் உச்சம் தொட்டு இறங்குகிறது. அந்தச் சுருக்கத்தைக் கண்டு மிரள வேண்டியதில்லை. 20 வயதில் பலரோடு பழகியதும், 30 வயதில் பழக்கத்தின் ஆழமும் 50 வயது நலத்தோடு தொடர்புடையவை என்று முப்பதாண்டுத் தொடராய்வு காட்டியது. முப்பதில் எத்தனை பேரோடு பழகினார்கள் என்பதற்கு அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை.

உளவியலாளர் எரிக் எரிக்சன் இந்தப் பருவத்தின் மையச் சிக்கலை நெருக்கத்துக்கும் தனிமைக்கும் இடையிலானது என்றார். தான் யார் என்று ஓரளவு தெரிந்த பிறகே இன்னொருவரிடம் தன்னை இழக்காமல் நெருங்க முடியும் என்பது அவர் வாதம். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைவிடப் பின்னிப்பிணைந்தே நடப்பதைப் பலரிடம் பார்க்கலாம். துணையிடம் பாதுகாப்பாகச் சாய முடிகிறதா, விலகுகிறோமா, கைவிட்டுவிடுவார்களோ என்று பதறுகிறோமா என்ற பாணிக்குக் குழந்தைப் பருவத்து வேர் உண்டு. 1987இல் முதன்முதலாகப் பெரியவர்களிடம் இதை அளந்தபோது பாதிக்குச் சற்று அதிகமானோர் பாதுகாப்பான வகையில் வந்தார்கள். அந்தப் பாணி கல்வெட்டு இல்லை, நம்பத்தக்க துணையோடு சில ஆண்டுகள் வாழ்ந்தால் நகரும். தம்பதிகளிடம் அடிக்கடி காணும் கோளாறு ஒருவர் துரத்துவதும் மற்றவர் ஒதுங்குவதும். பேசச் சொல்லி நெருக்க நெருக்க அவர் மௌனமாவார், மௌனமாக ஆக இவர் இன்னும் நெருக்குவார். இதை உடைக்க ஒதுங்குபவர் 'இப்போது முடியாது' என்பதோடு நிறுத்தாமல் எப்போது பேசுவார் என்று நேரம் சொல்ல வேண்டும், சொன்ன நேரத்துக்குத் தானே வந்து தொடங்கவும் வேண்டும்.

முதல் குழந்தை பிறந்ததும் தம்பதிகளின் திருப்தி சட்டென்று இறங்குவது 218 தம்பதிகளை எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில் தெரிந்தது. குழந்தை இல்லாத தம்பதிகளுக்கும் எட்டு ஆண்டுகளில் அதே அளவு இறங்கியது, படிப்படியாக. குழந்தை மீது பழி போடுவதற்கு முன் இதை நினைவில் கொள்ள வேண்டும். சட்டென்ற இறக்கத்துக்கு இரண்டு காரணங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. ஒன்று தூக்கமின்மை, மற்றது அதுவரை சமமாக நடந்துவந்த வீட்டு வேலை ஒருவர் தலையில், பெரும்பாலும் பெண்ணின் தலையில், பேச்சின்றி வந்து விழுவது. பிரசவத்துக்கு முன்பே இரவை இரண்டு முறைகளாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் இடையூறில்லாத நாலைந்து மணி நேரத் தூக்கம் கிடைக்கும்படி எழுதிவைத்துக்கொள்ளலாம். தாய்ப்பால் கொடுப்பவருக்கு எழுந்திருப்பதைத் தவிர்க்க முடியாதபோது, துணி மாற்றுவதும் தூங்கவைப்பதும் மற்றவர் வேலை. முதல் ஆறு வாரத்துக்கு எழுதிய பங்கீடு மூன்றாம் மாதத்தில் பொருந்தாது. குழந்தையின் தூக்கம் மாறும்போதும், யாராவது வேலைக்குத் திரும்பும்போதும் அதைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.